பெயரைத் தொலைத்த சிறுமியும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும்

கார்ட்டூன் என்றால் அது சின்னப்பிள்ளைகளின் விடயம், பெரியவர்கள் அந்த நேரத்தில் சமையலைப் பார்க்கலாம், ஊருக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்பதுதான் எங்கள் வீடுகளில் வழக்கம். பிள்ளைகள் ஒரு மூலையில் இருந்து டொச்சில் பார்ப்பார்கள். நாங்கள் இன்னொரு மூலையில் தமிழ்ப்படமோ தொடர் நாடகமோ பார்ப்போம். அவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஏன் அழுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

பீலெஃபெல்டில் வாழும் நாங்கள் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஒரு மாறுதலுக்காக, பிள்ளைகள் தெரிவு செய்த யப்பானியக் கார்ட்டூன் படம் ஒன்றை அண்மையில் ஒன்றாக இருந்து பார்த்தோம். ஆறு வயதுப் பிள்ளை முதல் எழுபது தாண்டிய அம்மம்மா வரை இருந்தோம். பெரும்பாலான ஆண்களும் சில பெண்களும் தொழிற்சாலை வேலைக்காரர். படம் முடிந்த பிறகு ஒவ்வொருவரும் சொன்ன கருத்துகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. அவற்றை மற்றக் குடும்பங்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

படத்தைப் பற்றி

படத்தின் ஜேர்மன் பெயர் 'சிஹிரோஸ் றைசே இன்ஸ் சவுபர்லாண்ட்'. சிஹிரோவின் மாயலோகப் பயணம் என்று தமிழில் சொல்லலாம். எழுதி இயக்கியவர் ஹயாவோ மியாசாக்கி. 1985இல் தொடங்கப்பட்ட ஜிப்லி என்ற படக்கூடத்தின் தயாரிப்பு இது. 2001 யூலையில் யப்பானில் வெளியானது. 2002இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைப் பெற்றது. அந்த ஆண்டு அதே விருதைப் பகிர்ந்து கொண்ட மற்றப் படம், 1972இல் வட அயர்லாந்தின் டெறி நகரில் ஊர்வலம் போன மக்களை இராணுவம் சுட்ட கதையைச் சொல்லும் 'பிளடி சண்டே'. 2003இல் ஒஸ்கார் விருதும் சிஹிரோவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் ஜேர்மன் திரையரங்குகளுக்கும் வந்தது. யப்பானில் ஆகக் கூடுதலாக வசூலித்த படம் என்ற இடத்தை 2020 வரை வேறெந்தப் படமும் அதனிடமிருந்து பிடிக்கவில்லை.

மியாசாக்கியின் கைவண்ணத்தை எங்களில் பலர் பெயர் தெரியாமலே முன்பு கண்டிருக்கிறார்கள். ஜேர்மன் பிள்ளைகள் தங்களுடையது என்று நினைக்கும் 'ஹைடி' தொடர் 1974இல் யப்பானில் வரையப்பட்டது. 1977இல் இங்கே இரண்டாவது தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கினார்கள். இசாவோ தகஹாத்தா அதை இயக்க, காட்சிகளை அமைத்துக் கொடுத்தவர் மியாசாக்கி. தேனீ மாயாவும் யப்பானில் செய்ததுதான். எண்பதுகளில் வந்து அகதி விடுதிகளில் டொச் பழகிய அண்ணைமாரும் அக்காமாரும் அந்தத் தொடர்களைப் பார்த்துத்தான் சொல் பொறுக்கினார்கள்.

கதை இதுதான். பத்து வயதுச் சிஹிரோ பெற்றோருடன் வேறு ஊருக்கு வீடு மாறிப் போகிறாள். அவளுக்கு விருப்பமில்லை. பழைய சிநேகிதி கொடுத்த பூங்கொத்தைப் பிடித்தபடி காரின் பின்பக்கத்தில் படுத்திருக்கிறாள். தகப்பன் வழி தவறி ஒரு சுரங்கப்பாதைக்கு முன்னால் காரை நிறுத்துகிறார். மறுபக்கத்தில் ஆளில்லாத ஊர். கடையில் ஆவி பறக்கும் சாப்பாடு இருக்கிறது, விற்பவர் இல்லை. கையில் காசு இருக்கிறதுதானே என்று தாயும் தகப்பனும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பொழுது படும்போது இருவரும் பன்றிகளாகி விடுகிறார்கள்.

அது தெய்வங்கள் வந்து குளித்துக் களைப்பாறும் ஊர். அங்குள்ள நீராட்டு மாளிகையின் முதலாளி யுபாபா என்ற சூனியக்காரி. வேலை செய்யாதவரை அவள் மிருகமாக்கி விடுவாள். ஹாக்கு என்ற பையன் சொல்லிக் கொடுத்தபடி, சிஹிரோ யுபாபாவுக்கு முன்னால் நின்று வேலை தாருங்கள், வேலை தாருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். யுபாபா கடைசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறாள். வாங்கிய கையோடு பெயரின் எழுத்துகளை உருவி எடுத்து விட்டு ஒரேயொரு எழுத்தை மட்டும் விடுகிறாள். யப்பானிய எழுத்தில் சிஹிரோவின் முதல் எழுத்தைத் தனியே வாசித்தால் 'சென்'. ஆயிரம் என்று அர்த்தம். இனி அவள் பெயர் அதுதான். சொந்தப் பெயரை மறந்தால் வீடு திரும்ப வழியில்லை என்று ஹாக்கு எச்சரிக்கிறான். அவன் தன் பெயரை எப்போதோ தொலைத்தவன்.

சின்னவர்கள் சொன்னவை

பையன்கள் முதலில் கண்டுபிடித்தது காரை. சிஹிரோவின் தகப்பன் ஓடுவது அவுடி. யப்பான் படத்தில் ஜேர்மன் கார் என்று அவர்களுக்குப் பெரிய சந்தோசம். அந்த ஊர் பகலில் வெறும் இடிபாடு, இரவில்தான் உயிர் வருகிறது என்பதைப் பார்த்த ஒருவன், "எங்கட ஊரும் அப்படித்தானே" என்றான். பீலெஃபெல்ட் என்று ஒரு நகரமே இல்லை என்ற பகிடி 1994இல் தொடங்கியது. அதை நிரூபிப்பவருக்கு ஒரு மில்லியன் யூரோ தருகிறோம் என்று 2019இல் நகரமே அறிவித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இல்லாத ஊரில் இருக்கிற ஆட்கள் நாங்கள்.

ஆறு வயதுப் பிள்ளை பன்றிக் காட்சியில் தாயின் மடிக்குள் போய்ப் புகுந்து விட்டது. பேய்களைக் கண்டு அது பயப்படவில்லை. அப்பாவும் அம்மாவும் தன்னை அடையாளம் காணாமல் தின்று கொண்டிருந்ததுதான் பயம்.

எங்களை வாயடைக்கச் செய்தது பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை ஒன்று சொன்னது. "சிஹிரோ செய்யிறதைத்தான் நானும் செய்யிறன். அம்மா அப்பாவுக்குக் கதைக்கத் தெரியாது. நான்தான் மேசைக்கு முன்னால நிண்டு கேக்கிறன்."

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வெளிநாட்டவர் அலுவலகம், வைத்தியர், வீட்டுக்காரன், பள்ளிக்கூடக் கூட்டம் என்று எல்லா இடமும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். பிள்ளை கெட்டிக்காரி, டொச் பிளந்து கட்டுவாள் என்று பெருமையும் பேசுகிறோம். தாயின் வயிற்றில் கட்டி இருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும் என்ற செய்தியை வைத்தியரிடமிருந்து கேட்டுத் தாய்க்குச் சொல்ல வேண்டி வந்த பதினொரு வயது மகனை எங்களுக்குத் தெரியும். அவன் 'கட்டி' என்ற தமிழ்ச் சொல் தெரியாமல் கையைப் பொத்திக் காட்டினானாம். பத்து வயதுப் பிள்ளை பெற்றோரை மீட்க வேலை கேட்டு நிற்கும் கதையை எங்களுக்கு மாயக்கதை என்று சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது நடந்த கதை.

அம்மம்மாமாரின் பார்வை

இந்தப் படம் மூத்தவர்களுக்கு விளங்காது என்றுதான் நினைத்தோம். நடந்தது வேறு. பெற்றோர் பன்றியானதும் அம்மம்மா ஒருவர் சொன்னார்: "சாமிக்குப் படைக்க முதல் வாய் வைச்சவையெல்லே, பின்ன என்ன நடக்கும்?" டொச் தெரியாத அவருக்கு அந்த இடத்தில் யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அது தெய்வங்களுக்கு வைத்த சாப்பாடுதான் என்பது படத்தில் பிறகுதான் தெளிவாகிறது.

சாமிகள் குளிக்க வருவதும் அவருக்குப் புதினமாகப் படவில்லை. கீரிமலையிலும் குளிக்கும், இங்கேயும் குளிக்கும் என்றார். உண்மைதான். 2002இல் குடமுழுக்குக் கண்ட ஹாம் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவுக்கு பீலெஃபெல்டிலிருந்தும் போகிறோம். அம்பாள் தீர்த்தமாடுவது டாற்றல்ன்-ஹாம் கால்வாயில். யப்பானியர் தங்களுக்கு எண்பது இலட்சம் தெய்வங்கள் என்பார்கள். முப்பத்து முக்கோடி என்று வளர்ந்தவர்களுக்கு அது குறைவு. மின்தூக்கிக்குள் முள்ளங்கி போன்ற பெரிய உருவம் வந்து நின்றபோது சின்னவர்கள் கத்தினார்கள். "வைரவரும் பார்க்கப் பயமாய்த்தான் இருப்பார். பார், பிள்ளையை மறைச்சுக்கொண்டு நிக்குது" என்று அம்மம்மா காட்டினார். அதன் பிறகுதான் நாங்களும் கவனித்தோம். அந்த முள்ளங்கித் தெய்வம் மற்றவர்கள் கண்ணில் படாமல் சிஹிரோவை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது.

அம்மாமார் கண் கலங்கியது இன்னொரு இடத்தில். பன்றிக் கூட்டில் பெற்றோரைப் பார்த்து விட்டு வந்த சிஹிரோவுக்கு ஹாக்கு சோற்றுருண்டை கொடுக்கிறான். அதுவரை அழாத பிள்ளை அதைக் கடித்ததும் பெரிய பெரிய துளியாக அழுகிறது. சுற்றி உட்கார வைத்து அம்மா கையில் குழையல் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் காட்சியை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

வேலைத்தலத்துக் கண்கள்

எங்களைப் போன்ற முறை வேலைக்காரருக்குப் பிடித்தவர் கொதிகலன் அறையில் இருக்கும் கமாஜி. ஆறு கைகள். எல்லாக் கையாலும் வேலை. நித்திரையும் சாப்பாடும் அதே இடத்தில். நிலக்கரி சுமக்கும் சின்னக் கரித்தூசிகள் கூட, வேலை இல்லையென்றால் மந்திரம் கலைந்து வெறும் தூசியாகி விடுமாம். "வேலை போனால் விசாவும் போகும் எண்டு பயந்த காலம் ஞாபகம் வருது" என்றார் நண்பர் ஒருவர். இன்னொருவர் அதற்கு எதிராகக் கதைத்தார். இங்கு தஞ்சம் கேட்டு வந்தவருக்கு முதல் மாதங்களில் வேலை செய்யவே அனுமதி இல்லை. சிஹிரோவையாவது வேலை செய்ய விட்டார்கள், எங்களைச் சும்மா இருக்க வைத்து விட்டுச் சோம்பேறி என்றும் சொன்னார்கள் என்பது அவர் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு.

முகமிலி என்று நாங்கள் தமிழில் பெயர் வைத்த உருவத்தைப் பற்றியும் நிறையக் கதைத்தோம். அதற்குச் சொந்தக் குரல் இல்லை. விழுங்கியவர்களின் குரலில்தான் பேசும். கை நிறையத் தங்கம் கொடுக்கும். மாளிகையே அதன் பின்னால் ஓடும். கடைசியில் அந்தத் தங்கம் முழுக்க மண். மண்டபம் எடுத்து, கடன் பட்டு, பவுண் கணக்குக் காட்டிச் செய்யும் எங்கள் கொண்டாட்டங்கள் சிலருக்கு நினைவுக்கு வந்தன. தங்கம் வேண்டாம் என்று சொன்னது சிஹிரோ ஒருத்திதான். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நீருக்கு மேல் ஓடும் ரயில் வந்தபோது எல்லோரும் அமைதியானோம். முன்பு திரும்பி வரும் ரயிலும் ஓடியதாம், இப்போது போகும் ரயில் மட்டும்தானாம். யாழ்தேவி 1990இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தியது. மீண்டும் வர 2014 ஒக்ரோபர் ஆனது. இடைப்பட்ட இருபத்து நாலு வருடத்தில் புறப்பட்டவர்கள்தான் எங்களில் முக்கால்வாசிப் பேர்.

ஆறும் பெயரும்

ஹாக்கு யார் என்பது கடைசியில் தெரிகிறது. அவன் கொஹாக்கு என்ற ஆற்றின் தெய்வம். ஆற்றை மூடி அதன் மேல் அடுக்குமாடி கட்டி விட்டார்கள். போக இடமில்லாமல் யுபாபாவிடம் வேலைக்கு வந்தவன். சிறு வயதில் அந்த ஆற்றில் விழுந்த சிஹிரோ அதன் பெயரை நினைவுபடுத்திச் சொன்னதும் அவன் விடுதலையாகிறான்.

பீலெஃபெல்டில் இருப்பவர்கள் இந்த இடத்தில் லுற்றர் ஆற்றை நினைக்க வேண்டும். நகரின் நடுவில் அது குழாய்க்குள் ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் அதற்கு மேலே நடந்தும் அப்படி ஓர் ஆறு இருப்பது எங்களில் பலருக்குத் தெரியாது. நகர மக்கள் சிலர் விடாமல் முயன்றதால் றாவன்ஸ்பேர்கர் வீதிப் பக்கம் சில இடங்களில் அதைத் திறந்து வெளிச்சத்துக்கு விட்டிருக்கிறார்கள். எங்கள் குடாநாட்டில் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றின் பெயரை எத்தனை பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று அன்று கேட்டோம். ஒருவரும் இல்லை.

பெயரைப் பற்றிய பேச்சுத்தான் அன்று நீண்டது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு, எங்கள் பெயர் பின்னுக்கு. இங்குள்ள படிவத்தில் இரண்டு பெட்டி. எது எந்தப் பெட்டிக்குள் விழுந்ததோ அதுதான் வாழ்க்கை முழுவதும். சிலரை வேலைத்தலத்தில் தகப்பன் பெயரால் கூப்பிடுகிறார்கள். சிலருடைய பேரப்பிள்ளைக்குப் பூட்டனின் பெயர் குடும்பப் பெயராகி நிற்கிறது. நீளமான பெயரென்றால் மேற்பார்வையாளர் முதல் மூன்று எழுத்தோடு நிறுத்தி விடுவார். நாங்களும் திரும்பிப் பார்க்கப் பழகி விட்டோம்.

பெயரைச் சுருக்கினால் என்ன, வேலை நடக்கிறதுதானே என்று ஓர் அண்ணை கேட்டார். பெயர் மாறுவது மட்டும் குற்றம் இல்லை என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். இதே பீலெஃபெல்டில் 1888இல் பிறந்த பிறீட்றிஷ் வில்கெல்ம் புளும்ப, தகப்பனுக்குப் பிடிக்காத நாடகத் தொழிலுக்குப் போனவர். பவேரியாவில் உள்ள ஓர் ஊரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டு மூர்னவ் ஆனார். 1922இல் 'நொஸ்பெராட்டு' என்ற பேய்ப்படத்தை எடுத்து உலகப் புகழ் பெற்றார். ஆனால் அது அவரே விரும்பி எடுத்த பெயர். சிஹிரோவுக்கு மற்றவர் வெட்டிக் கொடுத்த பெயர். வேலை நேரத்தில் அவளும் 'சென்' என்றால் ஓடி வருகிறாள். அவளைக் காப்பாற்றியது, சிநேகிதி பூங்கொத்தோடு வைத்த வாழ்த்து அட்டை. அதில் அவள் முழுப் பெயர் இருந்தது. அதைப் பார்த்திராவிட்டால் மறந்தே போயிருப்பாள்.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்த அட்டை நாங்கள்தான். அன்று இருந்த ஒன்பது பிள்ளைகளில் தங்கள் பெயரைத் தமிழில் பிழையில்லாமல் எழுதியவர்கள் நாலு பேர். பெயரின் அர்த்தம் சொன்னவர்கள் இரண்டு பேர்.

ஒரு தகவலையும் இங்கே சொல்ல வேண்டும். 2007 முதல், ஜேர்மன் குடியுரிமை பெற்றவரும் அகதியாக அங்கீகரிக்கப்பட்டவரும் தங்கள் பெயரில் எது முற்பெயர், எது குடும்பப் பெயர் என்று ஸ்ராண்டஸ்அம்ற் என்ற பதிவுக் கந்தோரில் அறிவித்து ஒழுங்கு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. பெட்டி மாறி விழுந்தவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

குறை சொன்னவர்கள்

எல்லோருக்கும் படம் பிடித்தது என்று சொன்னால் அது பொய். ஒரு தகப்பன், இரத்தமும் வாந்தியும் வருகிற படத்தை எப்படி எல்லா வயதுக்கும் அனுமதித்தார்கள் என்று கோபப்பட்டார். ஜேர்மனியில் இதற்கு வயதுக் கட்டுப்பாடு இல்லை என்பது உண்மை. ஆனாலும் ஏழெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தனியே பார்க்க விடக் கூடாது என்பதே எங்கள் எல்லோருடைய முடிவும். கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றுக்குச் சூனியமும் மந்திரமும் அளவுக்கு மிஞ்சித் தெரிந்தன. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறது, வில்லன் யாரென்றே தெரியவில்லை, யுபாபா கெட்டவளா நல்லவளா என்று ஒரு முடிவு சொல்லவில்லை என்பதும் சிலரது குறை. தமிழில் பார்க்கக் கிடைத்திருந்தால் மூத்தவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும் என்றார்கள். அதற்கு ஓர் அம்மா சொன்ன பதில் எங்களுக்குப் பிடித்தது. டொச்சில் ஓடியதால்தான் பிள்ளைகள் அம்மம்மாவுக்குத் தமிழில் கதை சொன்னார்கள். 'பாடஹவுஸ்' என்பதற்குச் சொல் தெரியாமல் முழித்தபோது 'நீராட்டு மண்டபம்' என்று அம்மம்மா எடுத்துக் கொடுத்தார். அலுவலகத்தில் மொழிபெயர்க்கும்போது பிள்ளையின் முகத்தில் இருக்கும் இறுக்கம் அங்கே இருக்கவில்லை.

கடைசிக் காட்சியில், சுரங்கப்பாதையைக் கடக்கும் வரை திரும்பிப் பார்க்காதே என்று ஹாக்கு சொல்வதைப் பற்றியும் வாக்குவாதம் வந்தது. எங்களுக்கும் அதுதான் புத்தி, பழசையே நினைத்துக்கொண்டிருந்தால் இங்கே முன்னேற முடியாது என்றார் ஒருவர். திரும்பிப் பார்க்காமல் விட்டால் யார் யாரைத் தொலைத்தோம் என்று யார் சொல்வது என்று கேட்டார் ஊரில் தம்பியைப் பறிகொடுத்த ஓர் அக்கா. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான், சிஹிரோவின் தலைமயிரில் அந்த உலகத்தில் பின்னிக் கொடுத்த நாடா அப்படியே இருக்கிறது என்று காட்டியது. திரும்பிப் பாராமல் வந்தவளும் ஒன்றைக் கொண்டுதான் வந்திருக்கிறாள்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

சின்னப்பிள்ளைகளுக்கு முதலில் 'தொத்தோரோ' படத்தைக் காட்டலாம். அது 1988இல் வந்தது. தாய் ஆஸ்பத்திரியில் இருக்க, இரண்டு சகோதரிகள் காட்டுத் தெய்வம் ஒன்றோடு சிநேகிதமாகும் கதை. அதே நாளில் யப்பானில் அதனோடு சேர்த்து வெளியிட்ட இன்னொரு ஜிப்லி படம் 'மின்மினிகளின் கல்லறை'. 1945இல் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அநாதையான அண்ணனும் தங்கையும் பட்டினி கிடந்து சாகும் கதை. கார்ட்டூன்தானே என்று பிள்ளைகளுக்குப் போட்டு விடாதீர்கள். பங்கருக்குள் இருந்தவர்களும் செல்லடியில் சொந்தங்களை விட்டு வந்தவர்களும் அதைத் தனியே இருந்து பார்க்க வேண்டாம்.

சிஹிரோவைப் பார்ப்பதென்றால் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். படத்தை நிறுத்தி நிறுத்திக் கதையுங்கள். மூத்தவர்களுக்குப் பிள்ளைகளே தமிழில் சொல்லட்டும். முடிந்ததும் அவர்களுடைய பெயரை யார் வைத்தது, ஏன் வைத்தது, என்ன அர்த்தம் என்று சொல்லிக் கொடுங்கள். அதோடு இன்னொன்றையும் யோசியுங்கள். பாரமான செய்தி வரக்கூடிய வைத்தியரிடமும் அலுவலகத்திடமும் போகும்போது டொச் தெரிந்த ஒரு பெரியவரைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். அன்று படம் பார்த்த குடும்பங்களில் டொச் நன்றாகத் தெரிந்த மூன்று பேர், தங்கள் வேலை முறை இல்லாத நேரத்தில் மற்றவர்களோடு கூடப் போவதென்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதம் மட்டும் இரண்டு பிள்ளைகள் அதனால் பள்ளிக்கூடம் மறிக்காமல் போயிருக்கிறார்கள். மற்ற ஊர்களிலும் இப்படி நாலு பேர் சேர்ந்தால் போதும்.